இணையவழி உளவளத்துணை: ஆளைத் தெரிவதிலிருந்து அமர்வை முடிப்பது வரை

திருகோணமலை சின்ன ஊர். உளவளத்துணைக்கென்று (கவுன்சிலிங்) ஓர் இடத்துக்குள் போய் வந்தால் நாலு பேர் கண்டுவிடுவார்களே என்ற கூச்சத்தில்தான் பலர் இணையவழிக்கு வருகிறார்கள். மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்தவர்களுக்குப் பயணமும் மிச்சம். ஆனால் நேரில் என்றால் உங்கள் கால் ஆடுவதையும் விரல் நடுங்குவதையும் உளவளத்துணையாளர் காண்பார். திரையில் கழுத்துக்கு மேலேதான் தெரியும், அதுவும் சிக்னல் இருந்தால். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் காணாததை அவரால் அறிய முடியாது. அதை நீங்கள்தான் வாய்திறந்து சொல்லவேண்டும்.

ஆளைத் தெரிதல்

மனநல வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபைப் பதிவைப் பார்க்கலாம். ‘கவுன்சிலர்’ என்ற பெயரை ஒரு வாரப் பயிற்சி முடித்தவரும் போட்டுக்கொள்வார். எனவே காசு கட்டுமுன் நேரடியாகக் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், என் மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் இருக்கிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். அனுபவசாலிகளும் தங்கள் வேலையை இன்னொரு மூத்தவரோடு கலந்து பேசுவார்கள். அந்தக் கேள்விக்கே ஒருவர் கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

‘திருகோணமலையில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா?’ என்பதையும் தயங்காமல் கேளுங்கள். உவர்மலையில் இருக்கும் உங்கள் மச்சாளின் சிநேகிதியாக அவர் இருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். பெண் உளவளத்துணையாளர்தான் வேண்டும் என்றால் அதையும் முதலே சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் தங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். அது இலவசம்.

லண்டன், டொரன்டோவில் இருக்கும் தமிழ் உளவளத்துணையாளரைப் பிடித்தால் நேரத்தைக் கவனியுங்கள். நம் மணிக்கூடு மாறுவதில்லை, அவர்களுடையது மாறும். லண்டனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை. மார்ச்சில் அவர்களுடைய மணிக்கூடு மாறும்போது ஒரு மணித்தியாலம் பிந்திப்போய் அமர்வைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

போன், டேட்டா, அறை

ஒரு மணித்தியால வீடியோவுக்கு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை போகும். குரல் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் முடியும். வட்சப்புக்கு மட்டும் என்று வரும் பெக்கேஜில் சூம் ஓடாது. இரவு டேட்டா பகலில் உதவாது. சூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடும், அமர்வோ பெரும்பாலும் 50 நிமிடம். அழுதுகொண்டிருக்கும்போது அறுந்தால் அந்த நாளே கெட்டுவிடும். ‘உங்களுடையது காசு கட்டிய கணக்கா?’ என்று முதலே கேட்டுவிடுங்கள். லைன் அறுந்தால் யார் எடுப்பது, எத்தனை நிமிடத்தில், எந்த இலக்கத்துக்கு என்பதையும் முதல் அமர்விலேயே பேசி வைக்கவேண்டும்.

வீட்டில் கதவு சாத்தக்கூடிய அறை கிடைப்பது எல்லாருக்கும் இல்லை. வயர் உள்ள இயர்போன் போட்டால் அவர் சொல்வது வெளியில் கேட்காது, ஆனால் நீங்கள் சொல்வது கேட்கும். கதவுக்கு வெளியே ரேடியோவைப் போட்டு வையுங்கள். மாரியில் தகரக்கூரையில் மழை விழுந்தால் குரல் எடுபடாது, அப்போது எழுத்தில் தொடரலாமா என்று கேட்டு வையுங்கள். உப்புவெளிக் கடற்கரையில் இருந்து கதைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மைக்கில் காற்றுத்தான் கேட்கும். நிறுத்திய வாகனத்துக்குள் இருப்பது எவ்வளவோ மேல். மேசை விசிறியையும் போனுக்கு நேரே வைக்காதீர்கள்.

போன் பலர் கை மாறும் வீட்டில் வட்சப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே தெரியாத கணினி ஒன்று இருந்தால் உங்கள் செய்திகளை வேறொருவரும் வாசிக்கிறார். வெளியேற்றினால் அவருக்குத் தெரியவரும், ஆகவே அடிக்கும் கணவன் உள்ள வீட்டில் அதை முதலில் செய்யாமல், நம்பகமான இன்னொருவரின் போனிலிருந்து உளவளத்துணையாளரோடு கதைத்து முடிவெடுங்கள். ஆள் இடையில் வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லையும் பேசி வையுங்கள். ‘கறி அடிப்பிடிக்குது’ என்பது போதும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கூட்டுக் கணக்கிலிருந்து காசு அனுப்பினால் வங்கி எஸ்எம்எஸ் மற்றவருக்கும் போகும் என்பதை மறக்கவேண்டாம்.

அமர்வுக்குள்

முதல் அமர்வில் உங்கள் விலாசத்தையும் ஓர் உறவினரின் இலக்கத்தையும் கேட்பார்கள். அவசரம் என்றால் ஆளை அனுப்பத்தான், பொய் விலாசம் கொடுக்காதீர்கள். இரகசியம் எதுவரை காக்கப்படும் என்றும் சொல்வார்கள். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் அவர்கள் பேசாமல் இருக்க முடியாது.

அமர்வுக்கு முன் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். ‘இந்தக் கிழமை மனசு சரியில்லை’ என்றால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ‘செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு முழிச்சன், நெஞ்சு அடிச்சது, கால் குளிர்ந்தது, இருபது நிமிடம், எழும்பி லைட் போட்டன்’ என்றால் அதிலிருந்து வேலை தொடங்கலாம். கதைக்கும்போதே உடம்பில் நடப்பதையும் சொல்லுங்கள்: ‘இப்ப கை நடுங்குது’. மௌனமாக இருக்கவேண்டுமென்றால் ‘லைன் இருக்கு, யோசிக்கிறன்’ என்று ஒரு சொல். இல்லையென்றால் சிக்னல் போய்விட்டதென்று நினைத்து அவர் இடையில் பேசிவிடுவார், அடி ஆழத்திலிருந்து வரவேண்டியது வராமல் போய்விடும்.

சில இடங்களில் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, 0 முதல் 27 வரை புள்ளி. ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. வெட்கப்பட்டு ‘இல்லை’ என்று போடுபவர்கள் அதிகம். அதில் உண்மையைச் சொல்லாவிட்டால் மற்ற எட்டுக்கும் பெரிதாகப் பயனில்லை.

போரிலோ 2004 சுனாமியிலோ ஆளை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுபவர்கள் இதைக் கவனியுங்கள். அனுபவசாலி முதல் நாளே முழுக் கதையையும் கேட்கமாட்டார். மூச்சை, கால் தரையில் படுவதை, கண்ணில் தெரியும் ஐந்து பொருட்களைக் கவனித்து நிகழ்காலத்துக்கு வரப் பழக்கியபின்தான் பழையதைத் தொடுவார். அவசரப்படுத்தினால் ‘மெதுவாகப் போவோம்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

நேரில் போனால் பஸ்ஸில் திரும்பும் நேரம் மனம் ஆறும். இணையவழியில் கதவைத் திறந்தவுடன் அடுப்படி. அமர்வு முடிந்தபின் கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள், அதற்குள் மோட்டார் சைக்கிளை எடுக்கவேண்டாம்.

எப்போது போதாது

குரல்கள் கேட்பது, நாட்கணக்கில் நித்திரையில்லாமை, சாவதற்குத் திட்டம் போட்டிருப்பது, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தி நடுங்குவது: இவற்றுக்குத் திரை போதாது, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 இலவச அம்புலன்ஸ். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குவது) போன்ற முறைகள் பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வு வரை எடுக்கும். மூன்றாவதில் கொஞ்சம் சுகம் என்று நிற்பவர்களும், கிண்டிவிட்டதால் நோகிறதென்று நிற்பவர்களும் அதிகம். இரண்டையும் நிற்பதற்கு முன் அவரிடமே சொல்லுங்கள். நாலாவது அமர்வில் ‘என்ன மாறியிருக்கு?’ என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒன்றும் அசையவில்லையென்றால் ஆளை மாற்றலாம், அவர் கோபிக்கக்கூடாது. போகும்போது, எதில் வேலை செய்தோம், எது உதவியது என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டி வராது.