பிஎஸ்-6 லாரி: யூரியா விளக்கு எரிந்தால் எங்கே பார்ப்பது?

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது, கனரக டீசல் இன்ஜினின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமுக்கு இறங்கியது. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் தொடங்கியதிலிருந்து, ஓடும் வண்டியின் புகையும் கணக்கில் வருகிறது. அந்த ஆக்சைடைக் குறைக்கப் புகையில் தெளிப்பதுதான் யூரியா. அதனால் அதன் தரம் கெட்டாலோ தீர்ந்தாலோ வண்டி முதலில் விளக்குப் போடும், பிறகு இழுவையைக் குறைக்கும், கடைசியில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாது.

டெஃப் என்ற இந்த யூரியாக் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்புகள் இல்லாத, அயனி நீக்கிய தண்ணீர். 100 லிட்டர் டீசலுக்கு 4 முதல் 6 லிட்டர் குடிக்கும். திடீரென்று 2 லிட்டராகக் குறைந்தால் மிச்சமாகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், யூரியாவைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம்.

டெஃப் கேனை வாங்கியதும், கரைசலின் அடர்வு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 31.8 முதல் 33.2 சதவீதம் வரை இருந்தால் அளவு சரி. ஆனால் உப்பு கலந்திருந்தால் அந்தக் கருவி காட்டிக்கொடுக்காது. வயலுக்குப் போடும் யூரியாவை வாங்கி, கடலூர் முதுநகர் பக்கத்து போர் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது அடுப்பில் பணத்தைப் போடுவதுதான். அந்த யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு, தண்ணீரில் சோடியமும் கால்சியமும். சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் ஒருமுறை விஷமேறினால் கழுவித் தேறாது.

கேனை வெயிலில் வைக்காதீர்கள். 30 டிகிரியில் ஓராண்டு தாங்குவது, 35 டிகிரியில் ஆறு மாதம்தான். டீசல் புனலை இதற்கு எடுக்கக் கூடாது. பித்தளை, தாமிரம், சாதா இரும்பும் ஆகாது. தவறி டீசலை யூரியா டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் டேங்கை அப்படியே காலி செய்யுங்கள். பம்ப் ஒருமுறை இழுத்தால் செலவு பல மடங்கு.

இன்ஜினை அணைத்ததும் பேட்டரி சுவிட்சைத் தட்டும் பழக்கமும் கெடுதல். பம்ப் குழாயில் உள்ள யூரியாவை டேங்குக்குத் திருப்பி இழுக்க இரண்டு நிமிடமாவது ஆகும். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் முனையில் வெள்ளைப் படிகம் கட்டும். கம்பியால் சுரண்டாமல், வெதுவெதுப்பான அயனி நீக்கிய தண்ணீரில் கரையுங்கள்.

சிப்காட்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டியில் சிக்கல் வேறு. சைலன்சர் சூடேறாததால் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-பில் கரி அடைக்கும். வாரத்தில் ஒருநாளாவது சுமையோடு சிதம்பரம் வரை நிற்காமல் ஓட்டுங்கள். அந்தக் கரியை எரித்துத் தீர்க்கச் சொல்லும் ரீஜென் விளக்கு எரிந்தால் ஹேண்ட்பிரேக், நியூட்ரல் போட்டு ரீஜென் பட்டனை அழுத்துங்கள். புகை 550 டிகிரிக்கு மேல் போகும் என்பதால் வைக்கோல், தார்ப்பாய், ரசாயனக் கிடங்கு, பங்க் பக்கம் கூடவே கூடாது. நடுவில் நிறுத்தினால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். இரண்டு முறை ரீஜென் செய்தும் விளக்கு அணையாவிட்டால் மூன்றாம் முறை வேண்டாம். ஸ்கேனர் போட்டு, பிரஷர் சென்சாரின் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.