சாலையோர வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வந்தால், ‘ரோட்டு மேல கெடக்குற வஸ்து’ என்ற பேச்சிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. வாசலிலேயே பேருந்து நிற்கும், அவசரத்துக்கு மருத்துவமனை அருகில் இருக்கும், முன்பக்கம் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்பவை எல்லாம் உண்மையான வசதிகள்தாம். ஆனால் விலை பேசும் நாளில் நாம் பார்க்கும் சாலை வேறு. அந்த வீட்டில் பத்து ஆண்டுகள் குடியிருக்கையில் நம் முன் இருக்கப்போகும் சாலை வேறு. பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் நேர்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தரகரோடு சென்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது முதல் தவறு. கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குச் செல்லும் கனரக லாரிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு விதிக்கப்படும்போது, அந்த ஓட்டம் முழுவதும் இரவுக்கு மாறிவிடும். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகமும் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிவிட்டதால், இனி இவ்வழியில் லாரிகள் குறையும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. என் சித்தப்பா குழித்துறைப் பக்கம் வீடு வாங்கும் முன் மூன்று முறை சென்று பார்த்தார். மூன்றும் பகல் நேரம். வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. குடிபுகுந்த முதல் இரவிலேயே, திரும்பி வரும் காலி லாரிகள் அதில் ஏறி இறங்கும்போது பின்கதவு எழுப்பும் பேரோசைக்குச் சித்தி மீண்டும் மீண்டும் எழுந்து உட்கார்ந்தார். சமையலறையை ஒட்டிய சிறிய அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்ட அவர், இன்றும் அங்கேதான் உறங்குகிறார். ஆகவே இரவு ஒரு மணிக்கு ஒரு தடவையும், பள்ளி நேரத்தில் ஒரு தடவையும், நல்ல மழையில் ஒரு தடவையும் அந்த வாசலில் அரைமணி நேரமாவது நின்று பாருங்கள். மேடேறும் இடம், பேருந்து நிறுத்தம், சிக்னல், வேகத்தடை ஆகியவற்றின் அருகில் உள்ள வீட்டுக்கு ஓசை கூடுதலாகவே இருக்கும்.

மரம் நட்டால் ஓசை குறைந்துவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. ஒரு வரிசை மரங்கள் சாலையைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர ஓசையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானாலும் ஏறத்தாழ 3 டெசிபெல்தான் குறையும். பாதியாகக் குறைந்ததாகக் காது உணர 10 டெசிபெல் குறைய வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்துள்ள அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். இடைவெளியில்லாத உயரமான மதில் தரைத்தளத்துக்கு ஓரளவு உதவும், மாடிக்கு உதவாது. மார்த்தாண்டத்தில் வந்ததுபோல ஒரு மேம்பாலம் வந்துவிட்டால், மாடி அறையும் வண்டியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். எனவே படுக்கையறைகள் பின்பக்கம் அமைந்த வீட்டையே தேடுவது நல்லது.

இரண்டாவது பெரிய தவறு, வில்லங்கச் சான்றை மட்டும் நம்புவது. அது பதிவான ஆவணங்களைக் காட்டும். சாலை விரிவாக்கத் திட்டத்தைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலம் எடுக்கும் எண்ணம் 3ஏ பிரிவில் அறிவிக்கப்பட்டு, அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியாகும். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்கள்தான் அவகாசம். அதன் பிறகு, நிலத்தை எடுப்பதை உறுதி செய்யும் 3டி அறிவிப்பு வந்ததும் அந்த நிலம் மத்திய அரசின் உடைமையாகிவிடும். ஆகவே சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு நிலமெடுப்பு அலுவலகத்தில் கேளுங்கள். புல வரைபடத்தோடு சர்வேயரை வரவழைத்து, மதிலும் முன்வாசல் படியும் பட்டா நிலத்துக்குள்தான் நிற்கின்றனவா என்று அளந்து பாருங்கள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன என்பதால் பழைய முன்பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கலாம். சாலைப்பக்க எல்லை அதில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு வாசித்துக் கேட்பது அவசியம். மாநில எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் வாங்குவோர், சாலையோர எல்லையிலிருந்து 3 மீட்டர் விட்டே கட்ட வேண்டும் என்ற கேரள விதியையும், நிலம் நெல்வயலாக டேட்டா பேங்கில் (நெல்வயல், ஈரநிலங்களுக்கான கேரள அரசின் பதிவேட்டில்) பதிவாகியுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தரைமட்டத்தைப் பலர் பார்ப்பதேயில்லை. பழைய தார் மேல் புதிய தார் போடப்பட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, வீட்டின் தளம் அங்கேயே நிற்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில், முற்றம் இன்றே சாலையைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தால், தண்ணீர் எந்த ஓடை வழியாக வெளியேறும் என்பதை விற்பவர் மழை நாளில் காட்டட்டும்.

புதிய நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வாங்குவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம், போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தேசிய நெடுஞ்சாலையிலிருந்து நேரடி வழி எடுக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில் சாலை கண்முன் இருந்தும் வாசல் கிடைக்காமல் போகலாம், நடுத்தடுப்பைச் சுற்றித் திரும்பிவர வெகுதூரம் செல்லவும் நேரலாம். கிரய ஒப்பந்தம் எழுதும்போது, அந்த நாளுக்கு முன்பே நிலமெடுப்பு அறிவிப்பு வெளியாகியிருந்தால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், வீட்டை மேலும் பார்ப்பதற்கு முன் நிலமெடுப்பு அலுவலகத்துக்குச் சென்று வாருங்கள்.