சீட்டில் ஒரு துப்பாக்கி, கையில் வேறொன்று: அமெரிக்கக் கடையில் வாங்கியதைச் சரிசெய்யும் வழி

விலைச்சீட்டில் ‘மாடல் 13, .357 மேக்னம்’ என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரிவால்வரின் குழலில் ‘.38 ஸ்பெஷல்’ என்று பொறித்திருக்கிறது. அல்லது ரசீதில் ஒரு சீரியல் எண், துப்பாக்கியில் வேறொரு சீரியல் எண். அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குபவர்களுக்கு இந்த இரண்டும் நேர்வதுண்டு. பெரும்பாலானவை கடை ஊழியரின் கவனப்பிசகுதான், ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் தீர்க்கும்வரை அந்தத் துப்பாக்கியால் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். கைப்பிடியை மாற்றுவது, துப்பாக்கியைப் பிரித்து மெருகேற்றுவது, நண்பருக்குக் கொடுப்பது எதுவும் வேண்டாம். சுட்டுவிட்டால் அது ‘பயன்படுத்திய பொருள்’ ஆகிவிடும், கடைக்காரர் திரும்ப எடுக்கத் தயங்குவார். அதைவிட முக்கியம் உங்கள் கையும் கண்ணும். காலிபர் (எந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி என்ற அளவு) தவறாக எழுதப்பட்ட துப்பாக்கியில் எந்தத் தோட்டா போடலாம் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியாது.

முதல் வேலை, தவறு எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவது. துப்பாக்கி நீங்கள் கேட்டதுதான், எழுத்தில்தான் பிழை என்றால் தீர்வு ஒரு விதம். உங்களுக்கு விற்ற துப்பாக்கி கடையிலேயே இருக்க, வேறொன்று உங்கள் கைக்கு வந்திருந்தால் தீர்வு முற்றிலும் வேறு. எழுத்தும் துப்பாக்கியும் ஒத்துப்போகின்றன, கடை சொன்ன மாடலோ காலிபரோதான் பொய் என்றால் அது பணத்தைப் பற்றிய வழக்கு. இதைப் பிரிக்காமல் கடைக்குப் போனால் கடைக்காரரும் நீங்களும் வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணை எங்கே பார்ப்பது

அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் ஃப்ரேம் அல்லது ரிசீவர், அதாவது சுடும் இயக்கம் பொருந்தியிருக்கும் உடற்பகுதிதான் ‘துப்பாக்கி’. குழலும் கைப்பிடியும் வெறும் பாகங்கள். அதனால் ஏ.ஆர்.-15 வகையில் கீழ் ரிசீவரில் உள்ள எண்ணையே பார்க்க வேண்டும். சிக் பி320 கைத்துப்பாக்கியில் உள்ளே இருக்கும் விசைத்தொகுதியில் பொறித்த எண், அதாவது பிடியின் ஜன்னல் வழியாகத் தெரியும் எண். க்ளாக்கில் ஃப்ரேமுக்கு அடியில் உள்ள சிறிய உலோகத் தகடு.

அதிகம் தடுமாறவைப்பது ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர். துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு சிலிண்டரை வெளியே தள்ளிப் பாருங்கள். சிலிண்டரைத் தாங்கும் கை மடங்கும் இடத்தில், ஃப்ரேமின் உட்புறத்தில் சின்னச் சின்ன எழுத்துகள் தெரியும். ‘மாட் 10-5’ என்பதுபோல் இருப்பது மாடல் எண். இப்படி மாடல் எண் பொறிக்கும் வழக்கம் 1957-இல் வந்தது. அதன் அருகிலேயே இன்னும் சில இலக்கங்கள் இருக்கும். அவை தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்த்துப் பொருத்துவதற்காக அடித்த எண்கள். பழைய துப்பாக்கிகளில் உண்மையான சீரியல் எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். முன்னாள் உரிமையாளர் பெரிய ரப்பர் பிடி போட்டிருந்தால் அது மறைந்துபோகும். அவசரத்தில் இருக்கும் ஊழியர் சிலிண்டரைத் திறந்து, கண்ணில் பட்ட எண்ணைப் படிவத்தில் எழுதிவிடுகிறார். பிடியின் திருகைக் கழற்றினால் இரண்டு நிமிடத்தில் சரியான எண் கிடைக்கும். ஆனால் அந்தத் திருகை வீட்டில் கழற்றாதீர்கள். கடையில், அவர் கண்முன்னே, அவரையே கழற்றச் சொல்லுங்கள்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் சி, டி போன்ற எழுத்து விட்டுப்போவதும், பூஜ்யத்தை ஆங்கில ஓ என்றும், 8-ஐ பி என்றும், 1-ஐ ஐ என்றும் எழுதுவதும் இதே வகைப் பிழைகள்தாம். 1968-க்கு முந்தைய .22 ரைஃபிள்களிலும் ஷாட்கன்களிலும் எண்ணே இல்லாமல் இருக்கலாம், அப்போது அப்படி அடிப்பது கட்டாயமாக இருக்கவில்லை. ஆனால் இருந்த எண்ணை அரம் போட்டு அழித்த தடம் தெரிந்தால் விஷயம் வேறு. அழித்த எண் கொண்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். அன்றைக்கே கடைக்கும், ஒரு வழக்கறிஞருக்கும் போன் செய்யுங்கள்.

காலிபர் தவறு ஏன் ஆளையே கொல்லக்கூடியது

.38 ஸ்பெஷல் தோட்டாவின் உறை நீளம் 1.155 அங்குலம், .357 மேக்னத்தினுடையது 1.290 அங்குலம். அந்தக் கூடுதல் நீளம் வேண்டுமென்றே வைத்தது, .357 தோட்டா .38 துப்பாக்கிக்குள் முழுதாகப் போகக் கூடாது என்பதற்காக. .38-இன் அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ., .357-இன் வரம்பு 35,000. .38-க்கான ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10-உம் .357-க்கான மாடல் 13-உம் கண்ணுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். எவராவது மாடல் 10-இன் சிலிண்டரைக் கடைந்து ஆழப்படுத்தியிருந்தால் .357 அதற்குள் அமைதியாக உட்கார்ந்துவிடும், சுடும்போதுதான் விளைவு தெரியும். ஆகவே விலைச்சீட்டை நம்பாதீர்கள், குழலில் பொறித்ததைப் பாருங்கள். அதிலும் சந்தேகம் இருந்தால் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

.300 பிளாக்அவுட் இன்னும் மோசம். அந்தத் தோட்டா, 5.56 என்ற வேறு காலிபர் துப்பாக்கியின் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறைக்குள்) போய்விடக்கூடும். உறையின் அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்றுதான், மேகசினும் ஒன்றுதான். .30 அங்குலத் தலை .22 அங்குலக் குழலுக்குள் நுழைய முயலும்போது துப்பாக்கி வெடித்துச் சிதறுகிறது. ஷாட்கனில் 20 கேஜ் என்ற சிறிய குண்டு 12 கேஜ் என்ற பெரிய குழலுக்குள் வழுக்கிப்போய், சேம்பர் குறுகுமிடத்தில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் கிழியும்.

பழைய போர்த்துப்பாக்கிகளில் சேம்பரை மாற்றிக் கடைந்திருப்பார்கள், குழலில் பழைய பெயரே இருக்கும். இதற்குச் சரியான சோதனை சேம்பரை வார்த்து எடுப்பது. செரோசேஃப் என்ற உலோகக் கலவை 158 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகும். அதை ஊற்றி, இறுகியதும் வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மையான அளவு கிடைக்கும். உடனே அளந்தால் சற்றுச் சுருங்கியிருக்கும், பல நாள் கழித்து அளந்தால் சற்று விரிந்திருக்கும். கடைக்கும் உங்களுக்கும் வாக்குவாதம் வந்தால் இந்த வார்ப்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

குழல் நீளத்தையும் பாருங்கள். ரைஃபிளுக்கு 16 அங்குலம், ஷாட்கனுக்கு 18 அங்குலம் குறைந்தபட்சம். போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகத்தை) மூடிய நிலையில், காலித் துப்பாக்கியின் குழல் முனை வழியே ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகத்தில் முட்டும்வரை விட்டு, முனையில் அடையாளம் போட்டு அளக்க வேண்டும். முனையில் திருகி மாட்டிய கருவி, பற்றவைத்தோ, ஊசி அடித்து அதன் தலையைப் பற்றவைத்தோ நிரந்தரமாக்கப்படாமல் இருந்தால் கணக்கில் வராது. ‘16 அங்குலம்’ என்று விற்றது 14.5 ஆக இருந்தால் அது பதிவு செய்ய வேண்டிய தனி வகை ஆயுதம், பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறை. அதை எடுத்துக்கொண்டு காரில் அலையாமல், முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கடைக்குப் போகுமுன்

பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய லேபிள், விலைச்சீட்டு, ரசீது, குழல் எழுத்து, சீரியல் எண் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடை தன் இணையதளத்தில் விளம்பரம் போட்டிருந்தால் அதை இன்றே திரைப்பதிவு செய்யுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். பிறகு போன் செய்து மேலாளரைக் கேளுங்கள். “நேற்று வாங்கிய ரிவால்வரில் உள்ள எண்ணும் ரசீது எண்ணும் வேறாக இருக்கின்றன. எப்போது கொண்டுவரட்டும், உங்கள் படிவத்தை எடுத்து வைக்க முடியுமா?” இவ்வளவு போதும். எண் தவறு என்றால் கடைக்காரர்தான் உங்களைவிட அதிகம் பயப்படுவார், ஏனென்றால் தணிக்கையில் மாட்டுவது அவருடைய உரிமம்.

துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டிய பெட்டியில், காரின் டிக்கியில் கொண்டுபோங்கள். தோட்டா அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது, கடைக்குள் கொண்டுபோகவும் வேண்டாம். கவுண்டரில் நீங்களாகத் திறக்காமல் ஊழியர் சொன்னபிறகு திறங்கள். வாங்கியவர் யாரோ அவரே போக வேண்டும், மனைவியையோ தம்பியையோ அனுப்பினால் வேலை நடக்காது. மாற்றுத் துப்பாக்கி அவர்கள் பெயரில் எழுதப்பட்டால் அது பெரிய சட்டச் சிக்கல்.

எழுத்துப் பிழை என்றால்

வாங்கும்போது நீங்கள் நிரப்பியது படிவம் 4473. அதில் முதல் பகுதியான ‘ஏ’-வில் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், வகை, காலிபர் ஆகியவற்றைக் கடைக்காரர் எழுதுகிறார். துப்பாக்கி கைமாறிய பிறகு பிழை தெரிந்தால் மூலப் படிவத்தில் கை வைக்கக் கூடாது. அதை நகல் எடுத்து, நகலில் திருத்தி, திருத்தியவர் தன் பெயரெழுத்தும் தேதியும் போட்டு, மூலத்தோடு இணைத்து வைக்க வேண்டும். கடையின் பகுதிகளைக் கடைக்காரர்தான் திருத்துவார், உங்கள் பகுதிகளை நீங்கள்தான் திருத்த வேண்டும். “இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்று வெற்றுப் படிவத்தை நீட்டினால் போடாதீர்கள். எந்தத் துப்பாக்கி கடைக்கு வந்தது, யாருக்குப் போனது என்று குறிக்கும் கடைப் பதிவேட்டிலும் அதே திருத்தம் ஏற வேண்டும். படிவத்தை மட்டும் திருத்திவிட்டு இதை மறப்பது சகஜம், ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள்.

இந்தத் திருத்தத்துக்காகப் பொதுவாக மறுபடியும் பின்னணிச் சோதனை தேவைப்படாது. எஃப்.பி.ஐ. நடத்தும் அந்தச் சோதனை கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா, வேறா என்று மட்டுமே கேட்கிறது, சீரியல் எண்ணைக் கேட்பதில்லை. எண்ணைத் தாங்களே பதிவு செய்யும் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மாநிலப் பதிவையும் கடை திருத்த வேண்டும்.

இவ்வளவு சிரமம் ஏன் என்றால், துப்பாக்கி திருடுபோய் ஒரு குற்றத்தில் சிக்கினால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறியும் மையம் தயாரிப்பாளரிலிருந்து தொடங்கிக் கடைவரை வந்து படிவத்தைப் புரட்டும். தவறான எண் இருந்தால் தடம் அங்கே அறும், அல்லது முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும். திருடுபோனது உங்களுடையதுதான் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் நிரூபிக்கவும் வழியிருக்காது.

வேறு துப்பாக்கியே வந்திருந்தால்

ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் மாறிப்போனால் நடப்பது இது. உங்கள் கையிலிருப்பது சட்டப்படி உங்களுக்கு மாற்றித்தரப்படாத துப்பாக்கி. அது திரும்பக் கடைக்குப் போய்ப் பதிவேட்டில் ஏற வேண்டும். வேறு துப்பாக்கியாக மாற்றிக்கொள்வதென்றால் புதிய படிவம் 4473, புதிய பின்னணிச் சோதனை இரண்டும் வேண்டும். பழைய சோதனை 30 நாள் செல்லும் என்றாலும் அது அந்த ஒரு பரிமாற்றத்துக்கு மட்டுமே. காத்திருப்புக் காலமும் மறுபடி தொடங்கலாம், கலிஃபோர்னியாவில் 10 நாள், இல்லினாய்ஸில் 72 மணி நேரம். தவறு கடையினுடையது என்பதால் இரண்டாம் முறைக் கட்டணத்தை அவர்களே ஏற்கும்படி கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தமிழர்கள் இங்கே இரண்டு இடத்தில் தடுக்குகிறார்கள். முதலாவது பெயர். அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். நடுப்பெயர் இல்லையென்றால் ‘என்.எம்.என்.’ என்றும், பெயரில் வெறும் இனிஷியல்தான் இருக்கிறதென்றால் அதற்குப் பக்கத்தில் ‘ஐ.ஓ.’ என்றும், ஆங்கில எழுத்தில் குறிக்க வேண்டும் என்று படிவமே சொல்கிறது. அப்பா பெயரை ஒருமுறை கடைசிப் பெயராகவும் மறுமுறை நடுப்பெயராகவும் எழுதினால் தாமதம் நிச்சயம். இரண்டாவது விசா. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இருந்தால் மட்டுமே வாங்க முடியும். முதல் முறை காட்டிய உரிமம் இடையில் காலாவதி ஆகியிருந்தால் மாற்றுத் துப்பாக்கி கிடைக்காது, போகுமுன் தேதியைப் பாருங்கள்.

பிழை தொழிற்சாலையிலேயே நடந்திருந்தால் வேலை சுலபம். பழுதுபார்த்ததையோ, அதே வகையில் மாற்று ஒன்றையோ தயாரிப்பாளர் நேரே உங்களுக்கு அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது, புதிய படிவம் தேவையில்லை. அனுப்பும் பார்சலை நீங்களாகக் கட்டாமல் கடை மூலமோ, தயாரிப்பாளர் தரும் லேபிள் மூலமோ அனுப்புங்கள். மாற்றுத் துப்பாக்கியின் புதிய எண்ணைக் குறிப்பிடும் கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடை கைவிரித்தால்

சீட்டில் எழுதிய வர்ணனையே உத்தரவாதம் என்கிறது மாநிலங்கள் ஏற்பதற்கான மாதிரிச் சட்டமாகிய அமெரிக்கச் சீர்வணிகச் சட்டத் தொகுப்பின் (யு.சி.சி.) 2-313 பிரிவு. லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் இந்த விற்பனைப் பகுதியை ஏற்றிருக்கின்றன. ‘உள்ளது உள்ளபடி’ என்று ரசீதில் போட்டிருந்தாலும், மாடல் 13 என்று சொல்லி மாடல் 10-ஐ விற்றதைப் பொதுவாக அது மூடிமறைக்காது. ஆனால் நியாயமான காலத்துக்குள் நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். அதனால்தான் முதல் போனுக்குப் பிறகு அன்றே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்கிறோம். என்ன வாங்கினீர்கள், என்ன வந்தது, பணம் வேண்டுமா, விலைக்குறைப்பா, மாற்றா என்று மூன்று வரி எழுதினால் போதும். விலைக்குறைப்புக்குச் சம்மதித்தால், திருத்திய மாடலும் காலிபரும் எண்ணும் உள்ள புதிய ரசீது இல்லாமல் கடையைவிட்டு வராதீர்கள்.

கடன் அட்டையில் வாங்கியிருந்தால், கட்டண அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுதுங்கள். அடுத்தது சிறு வழக்கு நீதிமன்றம், டெக்சஸில் 20,000 டாலர் வரை அங்கேயே முடியும். பணத் தகராறுக்கு, துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். உதவாது. சீரியல் எண்ணைத் திருத்தவே கடை மறுத்தால் மட்டும் உங்கள் பகுதி ஏ.டி.எஃப். அலுவலகத்தின் தொழில்துறை ஆய்வுப் பிரிவை அழையுங்கள். அழைத்த தேதியையும் பேசியவர் பெயரையும் ரசீதின் பின்னாலேயே எழுதி வையுங்கள்.