கொடைக்கானல் ஓட்டல் ரிவ்யூக்களை எப்படிப் படிப்பது?
ஸ்டாரை விடுங்கள், முதலில் தேதியைப் பாருங்கள். ஏப்ரல், மே சீசனில் 'ஆர்டர் வர ஒரு மணி நேரமாச்சு' என்ற புகார் நல்ல கடைக்கும் வரும். அதையே ஊர் காலியாக இருக்கும் ஜூலை மழையில், வாரநாளில் ஒருவர் எழுதியிருந்தால் கோளாறு கிச்சனில்தான், வேறு கடை பாருங்கள்.

அப்புறம் 'சாப்பாடு ஆறிப்போய் வந்தது', 'சாதம் வேகலை' என்பவை. ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் வைத்தால் அரிசியும் பருப்பும் வேக நேரமாகும், குளிரில் வெளி மேசையில் வைத்த குழம்பும் சட்டென்று ஆறும். ஆறியதை மன்னிக்கலாம். வேகாததைப் பலரும் பல மாதமாகச் சொன்னால் அவசரமாக இறக்குகிறார்கள் என்று அர்த்தம், மலைமேல் கடை வைத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சர்வீஸ் பற்றி என்றால், தப்பாக வந்த தட்டை மாற்றிக் கொடுத்தார்களா என்று தேடுங்கள்.

நீங்கள் எழுதும்போது என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், பில் எவ்வளவு என்று போடுங்கள். குறை சொல்லும்போது மட்டும் தயவுசெய்து சர்வர் பெயரைப் போடாதீர்கள், அவர் வேலையே போகலாம். மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள்.