பிராசஸர் மாற்றும் முன்: கேமிங்கும் வீடியோ எடிட்டிங்கும் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் பலருக்கு வேலைக்கு ஒரு கணினி, விளையாட்டுக்கு ஒரு கணினி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வசதி இருப்பதில்லை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டிய ஹைலைட்ஸ் பகலெல்லாம் ஓடும் அதே கணினியில்தான் இரவில் கேமும் ஓடுகிறது. அது தடுமாறத் தொடங்கியதும் "எந்த பிராசஸர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேள்வியை அங்கிருந்து தொடங்குவதே முதல் தவறு. எந்த வேலையில் கணினி காக்க வைக்கிறது, கேமரா எந்த வகைக் கோப்பைத் தருகிறது, பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டு எது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், வாங்கத் தகுந்த பிராசஸர்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். சில சமயம் எதையும் வாங்க வேண்டியதில்லை என்றும் தெரியவரும்.

தடுமாற்றம் எங்கே என்று பார்க்காமல் வாங்குவது

விளையாட்டில் இதைக் கண்டுபிடிக்கப் பணம் செலவாகாது. வழக்கமாக ஆடும் விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்து, அதே இடத்தில் மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். ஒரு நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த பிராசஸரைப் பொருத்தினாலும் ஆட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது. எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நின்றால் தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கிறது. வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்று மிக அதிக ஃபிரேம்களை எதிர்பார்க்கும் போட்டி விளையாட்டுகளில் பிராசஸரும், கதையும் காட்சியழகும் நிறைந்த பெரிய விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டும் முதலில் மூச்சு வாங்குவது வழக்கம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல், டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 30 சதவீதம்தான் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு "பிராசஸரில் குறையில்லை" என்று முடிவு செய்பவர்கள் உண்டு. அந்த எண், பிராசஸர் ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யும் வேலைச் சரடுகளான திரெட்கள் எல்லாவற்றின் சராசரி. 16 திரெட் கொண்ட ஒரு பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடி, மற்றவை சும்மா இருந்தால், அங்கே 6 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் காட்டும். பல விளையாட்டுகளின் முதன்மை வேலை ஓரிரு திரெட்களிலேயே நடப்பதால், சராசரி குறைவாக இருக்கும்போதே பிராசஸர் தடையாக இருப்பது சாத்தியம். ராம் ஒரே குச்சியாக இருக்கிறதா என்பதையும் இதே கையோடு பார்த்துவிட வேண்டும். ஒற்றைக் குச்சி 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள், இரட்டைச் சேனலில் இயங்குவதால், விளையாட்டில் பிராசஸரின் கையைக் கட்டாமல் விடும்.

கேமரா தரும் கோப்பை மறந்துவிட்டுக் கோர்களை எண்ணுவது

எடிட்டிங்கில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான். இழப்பும் இதில்தான் அதிகம். டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால், பிராசஸருக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கை போதவில்லை என்று நினைத்து 12 கோர், 16 கோர் என்று தேடுகிறார்கள். ஆனால் டைம்லைன் ஓடுவது பெரும்பாலும் கோப்பை விரித்துக் காட்டும் டிகோடிங் வேலையைப் பொறுத்தது. அந்த வேலையைச் செய்ய கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் சில பிராசஸர்களுக்குள்ளும் தனியாக ஒரு பகுதி உண்டு. உங்கள் கேமராவின் கோப்பு வகையை அந்தப் பகுதி ஏற்றுக்கொள்ளாவிட்டால் முழுப் பாரமும் கோர்களின் தலையில் விழும்.

கல்யாண வேலையில் இன்று பரவலாக இருக்கும் சோனி ஏ7 நான்காம் மாடல், கேனன் ஆர்6 போன்ற கேமராக்கள் 10-பிட் 4:2:2 என்ற, வண்ண விவரம் அதிகமுள்ள முறையில் பதிவு செய்யக்கூடியவை. கேனன் ஆர்6-இல், பின்னர் வண்ணம் திருத்த ஏதுவாக மங்கலாகப் பதியும் லாக் முறையில் எடுத்தால் வருவது எச்.265 என்ற சுருக்க முறையிலான 10-பிட், 4:2:2 கோப்பு. இந்த வகையை 2025-க்கு முந்தைய என்விடியா கார்டுகள் வன்பொருளில் டிகோட் செய்வதில்லை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களுக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸும் இதைச் செய்யாது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் வந்த டெஸ்க்டாப் பிராசஸர்களில் உள்ள உள்கிராபிக்ஸோ 'குயிக் சிங்க்' என்ற வசதியின் மூலம் எச்.265 4:2:2 கோப்புகளை இலகுவாக ஓட்டிவிடும். ஆகவே ஆர்6 கோப்புகளோடு போராடும் ஒருவருக்கு, ஆறே கோர் கொண்ட ஐ5-12400 தருகின்ற நிம்மதியை, உள்கிராபிக்ஸ் உதவி இல்லாத பெரிய பிராசஸர் தராமல் போகலாம்.

இங்கேதான் ஓர் எழுத்து விளையாடுகிறது. ஐ5-12400-க்கும் ஐ5-12400எஃப்-க்கும் கோர், திரெட், வேகம் எல்லாம் ஒன்றே. 'எஃப்' என்று முடிவதில் உள்கிராபிக்ஸ் இல்லை, அதனால் குயிக் சிங்க்கும் இல்லை. விலை சற்றுக் குறைவு என்பதாலும் தனிக் கார்டு இருக்கிறதே என்பதாலும் கடைக்காரர் நல்லெண்ணத்துடனேயே எஃப் வகையைப் பரிந்துரைப்பார். விளையாட்டு மட்டும் என்றால் அது சரியான அறிவுரை. எச்.265 4:2:2 கோப்புகளை எடிட் செய்பவருக்கு, அவருடைய கார்டு அந்தக் கோப்பை டிகோட் செய்யாத பழைய கார்டு என்றால், அது தவறான அறிவுரை. உள்கிராபிக்ஸ் உள்ள பிராசஸரை வாங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: தனிக் கார்டு செருகியிருந்தால் பல மதர்போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருளான பயாஸுக்குள் போய் அதை இயக்கி, இன்டெல் டிரைவரையும் நிறுவினால்தான் எடிட்டிங் மென்பொருளுக்கு அது கண்ணில் படும். பணம் கொடுத்து வாங்கிய வசதி இப்படி உறங்கிக் கிடப்பது வருத்தத்துக்குரியது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். எச்.264 முறையிலான 10-பிட் 4:2:2 கோப்பை 11 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் குயிக் சிங்க் ஏற்காது. சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்று வைத்தால் எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று வைத்தால் எச்.265. பிராசஸரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேமராவின் மெனுவில் கோப்பு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பழைய கணினியே இன்னும் ஓராண்டு ஓட வேண்டும் என்றால் பிராக்ஸி முறையை முதலில் முயன்று பாருங்கள். பெரிய கோப்புக்குப் பதிலாகச் சிறிய நகலை வைத்து எடிட் செய்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலக் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். நகல் தயாராகும் நேரமும் ஹார்ட் டிஸ்க் இடமும்தான் செலவு. எக்ஸ்போர்ட் நேரம் மட்டுமே உங்கள் குறை என்றால், அப்போதுதான் கோர் எண்ணிக்கைக்கு முழு மதிப்பு உண்டு. அதுவும் மென்பொருள், கார்டுக்குள் வீடியோவைச் சுருக்கும் பகுதியான என்கோடரைப் பயன்படுத்தும்படி அமைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு.

பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்புவது

ஐ7 என்றால் ஐ5-ஐவிடப் பெரியது என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும் பொருந்தும். 2017-இல் வந்த ஐ7-7700-இல் 4 கோர், 8 திரெட். 2022-இல் வந்த ஐ3-12100-இலும் அதே எண்ணிக்கை, வேகம் அதிகம். பழைய ஐ7-ஐப் "பெரிய பிராசஸர்" என்று விலை பேசி வாங்குபவர்கள், அந்த ஏழாம் தலைமுறை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் பொதுவாக இடம்பெறாததையும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏஎம்டி பக்கமும் இதே கதை. ரைசன் 7 5700எக்ஸ்-இல், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி உண்டு. எக்ஸ் இல்லாத 5700-இல் 16 எம்பி மட்டுமே, கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0 தான். ரைசன் 5 5600-க்கும் 5500-க்கும் இடையே இருப்பதும் இதே வேறுபாடு. விளையாட்டில் கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி நல்ல சான்று. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கு மூத்த 5800எக்ஸ்-இன் உச்ச வேகம் 4.7. ஆனாலும் 96 எம்பி கேஷ் இருப்பதால் விளையாட்டில் 3டி வகையே முந்துகிறது. எக்ஸ்போர்ட்டில் 5800எக்ஸ் சற்று முந்துகிறது. கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிட்டால் இந்த இரண்டில் எதைப் பற்றியும் சரியான முடிவுக்கு வர முடியாது. வருமானம் எடிட்டிங்கில் இருந்து வருகிறது என்றால் 3டி வகைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மதர்போர்டைக் கேட்காமல் முன்பணம் கொடுப்பது

மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் வடிவம் பொருந்தினால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. இன்டெல்லின் எல்ஜிஏ1151 சாக்கெட்டை 6-ஆம் தலைமுறை முதல் 9-ஆம் தலைமுறை வரை பயன்படுத்தினார்கள். ஆனால் பி250 போர்டில் ஐ7-8700 உட்கார்ந்தாலும் இயங்காது. எல்ஜிஏ1700 போர்டு 12, 13, 14-ஆம் தலைமுறைகளை ஏற்கும். ராம் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதை அந்தப் போர்டே தீர்மானிக்கும். ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெல்லின் எல்ஜிஏ1851 ஆகிய புதிய சாக்கெட்டுகள் இரண்டும் டிடிஆர்5 மட்டுமே ஏற்பவை. அந்தப் பக்கம் போவது பிராசஸர் மாற்றம் ஆகாது, பாதிக் கணினியையே மாற்றுவது. 2025-இன் இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் கசப்பாகிவிட்டது. ஏஎம்5-க்கு முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 உள்ள போர்டும் நல்ல டிடிஆர்4 ராமும் கையில் வைத்திருப்பவர்கள், அதே போர்டில் ரைசன் 5000 வரிசைக்கு ஏறுவதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படி ஏறும்போது வரிசை தவறக்கூடாது. பி450 போன்ற பழைய போர்டுகள் ரைசன் 5000-ஐ அடையாளம் காணப் புதிய பயாஸ் வேண்டும். அதைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். பழையதை விற்றுவிட்டுப் புதியதைப் பொருத்தி, திரையில் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. ஏஎம்4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டிக்கொண்டிருக்க, நேராக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்து பின்கள் வளையும். சிறிது நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்க வேண்டும். இன்டெல்லில் எல்ஜிஏ1200-க்கு வாங்கிய கூலர் எல்ஜிஏ1700-இல் நேராகப் பொருந்தாது. துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78-க்கு மாறியதால் தனிப் பிராக்கெட் தேவைப்படும்.

மாற்றும் காலமும் முக்கியம். இந்த எல்லைப் பகுதியில் தமிழர் வீடுகளில் ஆடியிலும், மலையாளிகள் வீடுகளில் கர்க்கடகத்திலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாட்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தவக்காலம் அப்படி. வேலை குறையும் அந்த நாட்களில் மாற்றுங்கள். தமிழ் ஆவணியும் மலையாளச் சிங்க மாதமும் பிறந்து முகூர்த்தங்கள் வரிசை கட்டிய பிறகு, எடிட் பாதியில் நிற்கும்போது பயாஸைத் தொடுவது வாடிக்கையாளரின் கோப்புகளோடு சூதாடுவதாகும்.

சூட்டையும் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்காதது

ஐ9-14900கே-யின் அட்டையில் 125 வாட் என்று இருக்கும். உச்ச நிலையில் அது 253 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. எக்ஸ்போர்ட் என்பது அந்த உச்சத்தில் நீண்ட நேரம் நிற்கும் வேலை. வெப்பம் தாங்கும் அமைப்பு மெலிந்த எச்610 போன்ற போர்டில் அதைப் பொருத்தினால் போர்டே வேகத்தைக் குறைத்துவிடும். அறையின் வெப்பம் 5 டிகிரி ஏறினால் பிராசஸரின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். குளிர்சாதனம் இல்லாத அறையில் 65 வாட் வகையை நல்ல கூலரோடு வைத்துக்கொள்வதே அறிவு. இன்டெல்லின் கே என்று முடியும் வகையோடும் ரைசன் 3டி வகையோடும் பெட்டியில் கூலர் வராது என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் மின்விசிறியையும் கூலரையும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மின்வெட்டும் இடியும் வருவது இரண்டு முறை. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பெரிய பிராசஸரும் 200 வாட் கார்டும் ஒன்றாக உழைக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் அந்த நொடியே அணைந்துவிடும், பாதி எக்ஸ்போர்ட்டும் போய்விடும். பிராசஸருக்கான பணத்தில் ஒரு பங்கை, கணினிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-க்கும் யுபிஎஸ்-க்கும் ஒதுக்குங்கள்.

பழைய பிராசஸர் வாங்கும்போது

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் அதிக மின்சாரம் எடுக்கும் வகைகளில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பிராசஸர் காலப்போக்கில் நிலைகுலையும் சிக்கல் இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்த மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் புதிய சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே சேதமானதைச் சரிசெய்யாது. இன்டெல் பெட்டியோடு விற்ற அந்தப் பிராசஸர்களுக்கு உத்தரவாதத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. ஆகவே செகண்ட்ஹேண்டில் இவற்றை வாங்குபவர், மூல பில்லும் சீரியல் எண்ணும் இல்லாமல் வாங்கக்கூடாது. பெட்டியில்லாமல் 'டிரே' என்று வருவதற்கு உத்தரவாதம் விற்பவரிடம்தான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வாங்குவதாக இருந்தாலும் திருவனந்தபுரத்தில் நேரில் வாங்குவதாக இருந்தாலும், பழுதானால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதை பில் எழுதும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்திய அன்றே, நீங்கள் முன்பு முடித்த ஒரு முழுநீளக் கல்யாண புராஜெக்டை அப்படியே மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, வெப்பத்தையும் எடுத்த நேரத்தையும் குறித்துவையுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் குறை தெரிந்தால்தான் கேட்க முடியும்.