ஒரு கிலோ அரிசி எத்தனை டம்ளர்? உங்க வீட்டு டம்ளரையே கேளுங்க

கோலாலம்பூர்ல இருக்கிற என் மக, போன நோன்புப் பெருநாளைக்கு நெய்ச்சோறு ஆக்கினா. கீழக்கரையில நான் ஆக்குற மாதிரியே வரணும்னு போன்ல அளவு கேட்டா. "ஒரு கிலோ சீரக சம்பா, ஒண்ணேமுக்கால் லிட்டர் தண்ணி"ன்னு சொன்னேன். அவகிட்ட தராசு இல்லை. ரைஸ் குக்கரோட வந்த கப்புல நாலு கப் போட்டிருக்கா. நாலஞ்சு பேர் சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டான சஹன்ல வைக்கிறப்போ சோறு குழைஞ்சு கஞ்சியாக் கிடந்துச்சாம். "உம்மா, நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்"னு அழுதா. அந்தக் கப் 180 மில்லிதான். தலைதட்டினா ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். நாலு கப்னா 600 கிராம்தான் ஆச்சு, தண்ணி மட்டும் ஒரு கிலோவுக்கு உள்ளது.

அதுக்கப்புறம் வீட்டுல உள்ளதையெல்லாம் அளந்து பார்த்துட்டுத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல உங்க டம்ளர் எவ்வளவு பிடிக்கும்னு தெரியணும். சீல் உடைக்காத ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை எடுத்து, விளிம்பு வரைக்கும் ஊத்தி ஊத்தி எண்ணுங்க. அஞ்சு டம்ளர் வந்தா அது 200 மில்லி டம்ளர். என்னோடது அதுதான்.

அடுத்து ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டைப் பிரிச்சு, அதே டம்ளரால தலைதட்டி எண்ணுங்க. குலுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. எனக்கு ஆறு வந்துச்சு. முழு உளுந்தும் ஏறக்குறைய அதே ஆறுதான். ரவை ஏழு. இடியாப்ப மாவு எட்டுக்கு மேல போகும். தூள் உப்போ நாலு டம்ளரைக் கொஞ்சம் தாண்டினதுமே கிலோ தீர்ந்துடும். அதனால அரிசிக்கு எண்ணினதை வேற எதுக்கும் வச்சுக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தரம் எண்ணி, டப்பா மூடியில எழுதி ஒட்டிடுங்க.

மாவுதான் ரொம்ப ஏமாத்தும். சலிச்ச மாவை டம்ளர்ல நிரப்பித் தரையில நாலு தட்டு தட்டிப் பாருங்க, கண்ணு முன்னாலயே ஒரு விரக்கடை இறங்கிடும். அதே டம்ளரை மாவுக்குள்ள விட்டு அள்ளினா கால் பங்கு கூடுதலாவே ஏறிடும். அதனால கரண்டியால அள்ளிப் போட்டு, கத்தியோட முதுகால வழிச்சு விடுங்க. எப்பவும் அதே மாதிரி செய்யுங்க.

எங்க மாமி காலத்துல எல்லாம் படிக்கணக்குதான், எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனா பழைய படி ஊருக்கு ஊர் வேற. இப்போ கடையில இருக்கிறது லிட்டர் படி. ஒரு படின்னா ஒரு கிலோன்னு இன்னும் நிறைய பேர் நினைக்கிறாங்க. தலைதட்டி அளந்தா 800-லிருந்து 850 கிராம் வரைக்கும்தான் அரிசி இருக்கும். கோபுரமாக் குவிச்சு அளந்தாத்தான் கிலோவை நெருங்கும்.

சோத்துக்கு இன்னொரு சுலபமான வழி இருக்கு. அரிசி அளந்த டம்ளராலயே தண்ணியையும் அளந்துடுங்க. அப்போ கிலோவும் வேண்டாம், லிட்டரும் வேண்டாம். "ஒண்ணுக்கு ஒண்ணரை"ன்னு மட்டும் மக கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கு அவ அழுதிருக்க மாட்டா.

உப்புல கவனமா இருங்க. எங்க கீழக்கரைக்குக் கிட்ட உள்ள வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பை அள்ளினா நடுவுல இடைவெளி நிறைய இருக்கும், ஒரு ஸ்பூன் கல்லுப்பு ஒரு ஸ்பூன் தூளுப்பை விட எடை குறைவு. அதோட கடல்காத்துல நம்ம வீட்டு உப்பு ஈரம் பிடிச்சுக் கட்டிக்கும். கட்டியை உடைச்சு உதிர்த்துட்டு அப்புறம் அளங்க.

முண்டு மிளகாயை மட்டும் டம்ளர்ல அளக்காதீங்க. உருண்டை உருண்டையா இருக்கிறதால உள்ளே பாதி காத்துதான் நிக்கும். அதைக் கடையிலயே நிறுத்து, நூறு நூறு கிராமாப் பொட்டலம் கட்டி வாங்கிடுங்க.