நோர்வேக் கடலில் காட் மீனுக்குப் போட்ட தூண்டிலில் வேறேதோ மாட்டினால்: பலர் செய்யும் தவறுகள்

நோர்வேயில் கடலில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். கட்டணமும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் கையில் பிடிக்கிற தூண்டில் என்றால் தாராளமாகப் போடலாம், வலையும் நண்டு பிடிக்கிற கூடும் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். அதனால் கோடை வந்ததும் லொஃபோட்டன், துரொம்சோ என்று கிளம்பி, கடலோரத்தில் ஒரு குடிலும் சின்னப் படகும் வாடகைக்கு எடுத்து இறங்கிவிடுகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. எல்லோர் மனதிலும் காட் மீன்தான். 2013-இல் சோரோயா தீவுப் பக்கம் தூண்டிலில் வந்த 47 கிலோ காட் உலக சாதனை என்பதால் அந்த ஆசையைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் அந்தக் கடலின் அமைப்பு வேறு. ஃபியோர்டுகளில், அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடற்பகுதிகளில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே நூறு, இருநூறு மீட்டர் ஆழம் வந்துவிடும். சொக்னஃபியோர்டின் மிக ஆழமான இடம் 1300 மீட்டர். வேறு கடல்களில் பெரிய படகு எடுத்து வெகு தூரம் போனால்தான் கிடைக்கும் ஆழ்கடல் மீன், இங்கே பதினைந்து அடிப் படகில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவரின் தூண்டில் முள்ளிலும் ஏறும். இன்னொன்றும் உண்டு: காட் இனத்துச் செய்த் மீன் சின்னது ஒன்று முள்ளில் மாட்டித் துடிக்கும்போது, அதையே இரையென்று நினைத்துப் பெரியது ஏதாவது வந்து கவ்விக்கொள்வது அங்கே சாதாரணம். முதலில் லேசாக இழுத்தது சட்டென்று பாறையில் சிக்கியது போல நிற்கும், அப்புறம் அந்தப் பாறையே நகர ஆரம்பிக்கும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது, எல்லாவற்றிலும் பெரிய தவறும் இதுதான்: மாட்டியது என்னவென்று பார்க்காமலே படகுக்குள் ஏற்றிவிடுவது. மீன் நீரில் இருக்கும்வரை அவசரம் எதுவும் இல்லை. அது களைக்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். படகுக்குள் வந்த பிறகோ எல்லோரும் கத்துவார்கள், யாராவது எழுந்து நிற்பார்கள், யாராவது வெறுங்கையால் பிடிப்பார்கள். அதனால் மேற்பரப்புக்கு வந்ததும் ஒரு நிமிடம் நீரிலேயே வைத்துப் பாருங்கள். வாயைப் பாருங்கள், முதுகில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். இதை வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொள்ளச் சட்டம் விடுமா என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள்.

வாயைப் பாருங்கள் என்று சொல்வது ஓநாய் மீனுக்காக. நோர்வேக்காரர்கள் ஸ்டைன்பிட் என்பார்கள். விலாங்கு போல நீண்ட, சாம்பல் நிற உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள், முன்னால் பூனையின் தலை அளவுக்கு உருண்ட ஒரு தலை. முன்வாயில் கோரைப் பற்கள் வெளியே துருத்தி நிற்கும். அவற்றை விட மோசமானது உள்ளே இருப்பது, அண்ணத்திலும் கீழ்த்தாடையிலும் வரிசையாகக் கடைவாய்ப் பற்கள். கடல் முள்ளெலி, மட்டி, நண்டு எல்லாவற்றையும் ஓட்டோடு நொறுக்கித் தின்று வாழ்கிற மீனுக்கு உங்கள் விரல் ஒரு பொருட்டே இல்லை. இதில் ஏமாற்றுவது என்னவென்றால், மேலே வரும்போது பல நேரம் சாதுவாக வரும். படகில் போட்ட பிறகு தலையைத் திருப்பி அகப்பட்டதைக் கடிக்கும், அது தடியாக இருக்கலாம், பூட்ஸாக இருக்கலாம். செத்துவிட்டது என்று நினைத்து வாய்க்குள் விரல் விட்டு முள்ளைக் கழற்றுவதுதான் இங்கே வழக்கமான முட்டாள்தனம், ஏனென்றால் கடிக்கிற அனிச்சை உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் தாடையில் இருக்கும். வைத்துக்கொள்வதாக இருந்தால் கண்ணுக்கு மேலே மண்டையில் பலமாக ஒரு அடி கொடுத்து, செவுளை வெட்டி இரத்தம் வடிய விட்டு, அதன் பிறகு நீளமான குறடால் முள்ளை எடுங்கள். வேண்டாமென்றால் நீரில் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் நூலை வெட்டிவிடுங்கள். இதற்கு உடம்பில் காற்றுப்பை இல்லாததால் ஆழத்திலிருந்து வந்தாலும் திரும்பிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். சதை வெள்ளையாக, கெட்டியாக, குழம்பில் உடையாமல் நிற்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று தூக்கிப் போடுகிறவர்கள் இழப்பது நல்ல மீனை.

ஹாலிபட் விஷயம் வேறு மாதிரி. தட்டையான மீன், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு, ஆள் உயரத்துக்கும் மேல் வளரும். 84 செ.மீ.க்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மிகப் பெரியதையும் விட வேண்டும் என்பதுதான் தெரியாது. இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட ஹாலிபட்டை உயிரோடு விட வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. அத்தனை வயதான மீனின் சதையில் டையாக்சின் என்ற நச்சும் பாதரசமும் சேர்ந்திருக்கும் என்பதுதான் காரணம். படம் எடுக்க வேண்டும் என்று அப்படிப்பட்ட மீனைப் படகுக்குள் இழுத்துப் போடாதீர்கள். வாலால் ஒரு வீச்சு வீசினால் தூண்டில் தடி, பெட்டி, ஆளின் கால் எல்லாவற்றுக்கும் ஆபத்து, சின்னப் படகு என்றால் கவிழவும் கூடும். அளப்பதும் படம் எடுப்பதும் படகின் பக்கவாட்டில், மீன் நீரில் இருக்கும்போதே நடக்கட்டும். சட்டம் விடுகிற அளவில் பெரியது ஒன்றை எடுப்பதாக இருந்தாலும், வாலில் கயிறு கட்டி, செவுளை அறுத்து, நீரிலேயே அடங்கவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். எட்டு மீட்டருக்குக் குறைந்த படகில் போகும்போது உயிர்காப்பு அங்கி கட்டாயம் என்பது 2015 முதல் சட்டம். மீன் மாட்டிய பரபரப்பில் கை ஆட்ட வசதி வேண்டும் என்று அதைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடலில் கோடையிலும் நீரின் குளிரை உடம்பு தாங்காது, எவ்வளவு நீந்தத் தெரிந்தாலும் சரி.

எல்லாவற்றையும் திருப்பி விட்டால் புண்ணியம் என்று நினைப்பதும் தவறுதான். சிவப்பாக, பெரிய கண்ணோடு வரும் செம்மீன் வகை, லிங், டஸ்க் இவையெல்லாம் நூறு இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து வேகமாக வரும்போது நெட்டி என்று நாம் சொல்லும் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியாக வந்துவிடும். அதை நீரில் விட்டால் மிதக்கும், கடற்காக்கைக்குத்தான் போகும். விடவே வேண்டிய அளவில் சின்ன மீன்கள் அப்படித் தொடர்ந்து வந்தால், அந்த இடத்தை விட்டுப் படகை நகர்த்துவது ஒன்றுதான் வழி.

அப்புறம் சுறா. சின்னச் சுறா ஒன்று மாட்டியதும் நம் ஆட்களுக்குச் சுறாப்புட்டு ஞாபகம் வந்துவிடும். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி, இரண்டு முதுகுத் துடுப்புக்கும் முன்னால் ஒவ்வொரு முள் என்று இருந்தால் அது பிக்ஹோ. ஏறக்குறைய இரண்டு வருடம் கர்ப்பம் சுமந்து சில குட்டிகளே போடுகிற இனம், குறிவைத்துப் பிடிக்கத் தடை உண்டு, உயிரோடு வந்தால் விட்டுவிட வேண்டும். முதுகு முள்ளில் லேசான விஷமும் உண்டு, எனவே தலைக்குப் பின்னாலும் வாலிலும் பிடித்து, வளைந்து குத்த விடாமல் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கிரீன்லாந்துச் சுறா மாட்டினால் பேச்சே இல்லை, நூலை வெட்டிவிடுங்கள். நூற்றாண்டுகள் வாழ்கிற உயிர் அது, பச்சைச் சதை நஞ்சு. ஐஸ்லாந்துக்காரர்கள் மாதக்கணக்கில் புளிக்க வைத்து உலர்த்தித்தான் அதைத் தின்கிறார்கள். பெரிய பச்சைக் கண்ணும் எலிவாலுமாக ஆழத்திலிருந்து வரும் ஹாவ்மூஸ் என்ற மீனின் முதுகிலும் விஷமுள் ஒன்று இருக்கிறது.

தெற்கு நோர்வேயில், மணல் அடியில் தூண்டில் போட்டால், கவனிக்க வேண்டியது ஃபியெசிங். கையளவு மீன்தான், பார்க்கப் பாவமாக இருக்கும். முதல் முதுகுத் துடுப்பு கறுப்பு, அதிலும் செவுள் மூடியிலும் கடுமையான விஷமுள். குத்திவிட்டால் பலரும் வலிக்கு ஐஸ் வைக்கிறார்கள், அது உதவாது. அந்த விஷம் சூட்டில்தான் சிதையும். 40-லிருந்து 45 டிகிரிக்குள் உள்ள வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை அமிழ்த்தி வையுங்கள். சூடு சரியா என்று குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ 113-க்கு அழையுங்கள். மீன் எதுவும் இல்லாமல் நூலில் செந்நிறமாக வழவழவென்று ஏதோ சுற்றி வருகிறதே, அது சொறிமீனின் இழை. அதைத் துடைத்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

சால்மன் மாட்டினால் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடுவார்கள். சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் மற்ற கடல்மீன் விதிகள் பொருந்தாது, காலமும் கட்டுப்பாடும் தனி, 2024 கோடையில் வரத்து குறைந்துபோய்ப் பல ஆறுகளையே பாதிப் பருவத்தில் மூடினார்கள். ஆனால் வாலில் பெரிய, நீள்வட்டக் கறுப்புப் புள்ளிகளும் மிகச் சின்னச் செதிலும் இருந்தால் அது பசிபிக்கின் இளஞ்சிவப்பு சால்மன். 1950-களிலிருந்து சோவியத்துக்காரர்கள் வடமேற்கு ரஷ்யாவின் கோலாத் தீபகற்பப் பக்கம் கொண்டுவந்து விட்டது, இப்போது ஒற்றைப்படை வருடங்களில் கூட்டம் கூட்டமாக வடக்கு ஆறுகளுக்குள் ஏறுகிறது. அந்நிய இனம் என்பதால் அதை விட்டுவிடுவதுதான் அங்கே தப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மீன் பண்ணைக் கூண்டுகளுக்கு நூறு மீட்டருக்குள் தூண்டில் போடவே கூடாது, ஆகவே கூண்டிலிருந்து தப்பி வந்த சால்மன்தான் மாட்டியது என்ற கதையும் செல்லாது.

வேடிக்கை என்னவென்றால், தெற்கே சில இடங்களில் காட்டே எதிர்பாராத மீன். ஸ்வீடன் எல்லையிலிருந்து டெலிமார்க் வரையிலான கடலில், ஒஸ்லோ ஃபியோர்டும் சேர்த்து, 2019 ஜூன் முதல் காட் பிடிக்கத் தடை. கானாங்கெளுத்திக்குப் போட்டதில் வந்தாலும், உயிரோடு இருந்தால் விட வேண்டும். ஒஸ்லோவில் வீட்டுப் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் வடக்கின் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதால் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாகச் சமையல். குளிர்நாடுதானே, மாலை வரை கிடக்கட்டும் என்று குடலோடு வாளியில் போட்டு வைக்காதீர்கள். வயிற்றில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு, மீன் செத்த பிறகு வயிற்றுச் சதைக்குள் நகரும். பிடித்த உடனே இரத்தம் வடித்து, குடலை எடுத்து, ஐஸில் வையுங்கள். நன்றாக வெந்த குழம்பிலும் பொரியலிலும் பயமில்லை. பச்சையாக, சூஷி மாதிரித் தின்ன ஆசை என்றால் -20 டிகிரியில் ஒரு முழு நாளாவது உறைய வைத்த பிறகுதான். மிச்சத்தைப் பெட்டியில் அடைத்து நாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், பதிவு செய்த சுற்றுலா மீன்பிடி நிலையத்தில் தங்கியதற்கான அத்தாட்சி வேண்டும். எத்தனை கிலோ என்பது அடிக்கடி மாறுகிறது, கிளம்புமுன் நோர்வே மீன்வள இயக்குநரகத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்களின் படமும் குறைந்தபட்ச அளவும் அதிலேயே இருக்கின்றன.